திரும்பிய பற்று

காவேரிப்பட்டணம் சாலை, மாங்கூழ் ஆலை.
ஆனி முடிகிறது. கணக்கு அறையின் மின்விசிறிகூட
புளித்த கிளிமூக்கு வாசனையைத்தான் சுற்றுகிறது.
இரவு பத்தேகால்.
ஏதோ ஒரு துண்டுச்சீட்டின் மேல்
டீ கிளாஸை வைக்கிறாள் ஷாகிதா.
முப்பத்தேழாயிரத்து இருநூறு ரூபாய்
உதைக்கிறது.

வங்கி தினமும் ஒரு கோப்பு அனுப்பும்.
முக்காற்புள்ளி, எண், முக்காற்புள்ளி.
அறுபது என்றால் கடை திறந்தபோது இருந்தது.
அறுபத்திரண்டு என்றால் அடைத்தபோது மிஞ்சியது.
நடுவில் அறுபத்தொன்றுகள், வந்ததும் போனதும்.
ஒவ்வொன்றின் காலடியிலும் ஓர் எண்பத்தாறு,
யாருக்கு, எதற்கு என்று முணுமுணுத்தபடி.
ரூபாய்க்கும் பைசாவுக்கும் இடையே காற்புள்ளிதான்.
பணத்துக்கு ஏது முற்றுப்புள்ளி என்பாள் ஷாகிதா.

இதைப் படித்துச் சொல்ல ஒரு நிரல் நூலகம்.
நான் எழுதியதில்லை. எந்த நாட்டுக்காரரோ எழுதி
வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார்.
பொதுக்குழாயில் குடம் வைப்பதுபோல
வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தேன்.

வாசலில் மாதையன் மூன்று முறை சொல்லிவிட்டார்:
"போச்சம்பள்ளிப் பக்கமிருந்து ஒருத்தர் வர்றாருங்க,
பழத்துக்குப் பணம் வரலைங்கறாரு."
மூன்று முறையும் எங்கள் பட்டியலில் பார்த்தோம்.
அனுப்பியாயிற்று.
திரையைத் திருப்பியும் காட்டினோம்.
அவர் திரையைப் பார்க்கவில்லை,
எங்களைப் பார்த்தார்.

வங்கிக் கோப்பில் அவர் பெயரைத் தேடினால்
அப்படி ஒருவர் இல்லை.

"பாதியாக்கு" என்றாள் ஷாகிதா.
பக்கம் மாறி விழுந்த தொகை
வித்தியாசத்தில் இரட்டையாய் நிற்குமாம்.
பதினெட்டாயிரத்து அறுநூறு.
நூலகத்தை மூடிவிட்டு
கோப்பையே படித்தோம், விரல் வைத்து,
புதிதாக எழுத்துக் கூட்டுகிறவர்களைப்போல.

ஒரு வரியின் கடைசியில் திம்மரா
அடுத்த வரியின் தொடக்கத்தில் யப்பன்.
வரிக்கு அறுபத்தைந்து எழுத்துதான் இடம்.
அதற்குமேல் பெயரென்றும் பாராமல் ஒடித்துப் போடும்.
ஒடிந்ததை நூலகம் ஓர் இடைவெளி விட்டு ஒட்டியிருக்கிறது.
ஒரே ஆள் இரண்டு பேராகி
இரண்டு பேருமே தேடலில் சிக்கவில்லை.

பெயருக்கு மேலே தொகை.
தொகைக்கு முன்னால் டி: பற்று, போனது.
டிக்கு முன்னால்
இத்தனை மாதத்தில் நாங்கள் கண்டிராத ஓர் ஆர்.

ஆர் டி.
போனது திரும்பியது.

நூலகம் ஆரைத் தாண்டிக் குதித்து
டியில் இறங்கி
அவர் பணத்தை இன்னொரு முறை அனுப்பிவைத்திருந்தது.

எண்பத்தாறு காரணமும் சொல்லியிருந்தது.
கிளைக் குறியீடு செல்லாது.
இரண்டு வங்கிகள் ஒன்றானபோது மாறிய எண்.
வங்கி பொய் சொல்லவில்லை. நாங்களும்தான்.
போச்சம்பள்ளி பஸ்ஸில் மூன்று முறை
டிக்கெட் எடுத்தது மட்டும் அவர்.

இரண்டு வரிதான் திருத்தம். அனுப்பினேன்.
எழுதியவர் ஊரில் பகல்போலும், உடனே பதில்:
நன்றி, சோதித்துப் பார்க்க ஒரு மாதிரிக் கோப்பு தர முடியுமா.

பெயரை எடுத்துவிட்டு இல்லாத ஒருவரைப் போட்டேன்.
ஊரை எடுத்தேன். மாம்பழத்தை எடுத்தேன்.
தொகை நூறு, காற்புள்ளி, இரண்டு சுழி.
இல்லாதவரின் பெயரும் அறுபத்தைந்தில் ஒடிய வேண்டுமே,
எழுத்தெண்ணி நகர்த்தினேன்.
ஆரைத் தொடவில்லை.

இனி அந்த நூலகத்தில் யார், எங்கிருந்து கை வைத்தாலும்
முதலில் ஒருவருக்கு நூறு போகும்,
வாசல் தட்டி, உள்ளே விடாமல், திரும்பும்.
திரும்பியது என்று அது சொல்லியாக வேண்டும்.
சொல்லாவிட்டால் சிவப்பு.

கணக்கு நின்றது. மணி பன்னிரண்டே முக்கால்.
"அவருக்கு யார் சொல்றது?" என்றாள் ஷாகிதா.
மூன்றாம் முறை வந்தபோதே போன் நம்பரை எழுதி
உள்ளே கொடுக்கச் சொன்னாராம். மாதையன் கொடுத்துமிருக்கிறார்.

கிளாஸை எடுத்தோம்.
ஒன்பது இலக்கம் தெளிவு.
கடைசியின் மேல் டீயின் வட்டம்,
மூன்றா, எட்டா.